அட்சய திருதியைக்கும் தங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கொடுக்கும் நாள் வாங்கும் நாளான கதை

சித்திரை பிறந்ததுமே செல்போனுக்கு குறுஞ்செய்திகள் வர ஆரம்பித்துவிடும். ‘இப்போதே முன்பதிவு செய்யுங்கள்’, ‘சேதாரத்தில் 50 சதவீதம் தள்ளுபடி’, ‘காலை 6 மணிக்கே கடை திறப்பு’. சென்னை தியாகராய நகர், மதுரை தெற்காவணி மூல வீதி, கோவை கிராஸ்கட் ரோடு என எங்கு பார்த்தாலும் பேனர்கள். வீட்டிலும் ஒரு பேச்சு வரும்: “இன்னைக்கு ஒரு குண்டுமணி தங்கமாவது வாங்கணும், அப்பதான் வருஷம் முழுக்க பெருகும்.”

கையில் காசு இல்லாதவர்கள்கூட கைமாத்து வாங்கியோ, கிரெடிட் கார்டைத் தேய்த்தோ ஒரு கிராம் வாங்கிவிட வேண்டும் என்று தவிக்கும் நாளாக அட்சய திருதியை மாறிவிட்டது. ஆனால் இந்த நாளுக்கும் தங்கத்துக்கும் உண்மையில் என்ன தொடர்பு? இந்த வழக்கம் எப்போது வந்தது? இதில் லாபம் யாருக்கு? விரிவாகப் பார்க்கலாம்.

அட்சய திருதியை என்றால் என்ன?

‘அட்சய’ என்றால் குறையாதது, தேயாதது என்று பொருள். ‘திருதியை’ என்பது மூன்றாம் திதி. சித்திரை மாத அமாவாசைக்குப் பிறகு வரும் வளர்பிறையின் மூன்றாம் திதிதான் அட்சய திருதியை. சந்திரனை வைத்துக் கணக்கிடுவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் மே 10, 2025-ல் ஏப்ரல் 30 என வந்தது.

இந்த நாளில் செய்யும் நல்ல காரியத்தின் பலன் குறையாமல் வளரும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையின் அடிப்படை தானம், தர்மம், விரதம், புதிய தொடக்கம் ஆகியவைதான். கோடைக்காலத்தில் வருவதால் தண்ணீர், மோர், விசிறி, குடை, செருப்பு, தயிர்சாதம் போன்றவற்றைத் தானமாகக் கொடுப்பது விசேஷம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

கதைகளில் தங்கம் இருக்கிறதா?

இந்த நாளோடு சேர்த்துச் சொல்லப்படும் கதைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்.

குசேலர் கதை எல்லோருக்கும் தெரியும். வறுமையில் இருந்த குசேலர் தன் நண்பன் கண்ணனைப் பார்க்கப் போகும்போது எடுத்துப் போனது ஒரு பிடி அவல். அவர் எதையும் கேட்கவில்லை, வாங்கவும் இல்லை. இருந்ததைக் கொடுத்தார்.

வனவாசத்தில் பாண்டவர்களுக்கு சூரியன் அளித்த அட்சய பாத்திரம் இன்னொரு கதை. அது எதற்கு? தேடி வருபவர்களுக்குச் சோறு போட.

ஆதிசங்கரருக்கு ஓர் ஏழைப் பெண் தன்னிடம் இருந்த ஒரே நெல்லிக்கனியைப் பிச்சையிட, அந்த வீட்டில் தங்க நெல்லிக்கனி மழை பொழிந்ததாக ஒரு கதை. சங்கரர் பிறந்த கேரளத்தின் காலடியில் அட்சய திருதியையை ஒட்டி கனகதாரா யாகம் நடப்பது இதனால்தான். இந்தக் கதையில் தங்கம் வருகிறது. ஆனால் அந்தப் பெண் தங்கம் வாங்கவில்லை, நெல்லிக்கனியைக் கொடுத்தாள்.

சமணர்களுக்கும் இது முக்கியமான நாள். முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவர் ஓராண்டு உணவின்றி இருந்த பிறகு, அஸ்தினாபுரத்தில் அவருக்குக் கரும்புச்சாறு கொடுக்கப்பட்ட நாள் இதுதான் என்பது அவர்களின் நம்பிக்கை. ஓராண்டு விரதம் இருப்பவர்கள் இன்றும் இந்த நாளில் கரும்புச்சாறு குடித்து விரதத்தை முடிக்கிறார்கள்.

தமிழ் இலக்கியத்திலும் இப்படி ஒரு குறையாத பாத்திரம் உண்டு. மணிமேகலை காப்பியத்தில் வரும் அமுதசுரபி. அட்சய திருதியைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கருத்து ஒன்றுதான். ஆபுத்திரன் கையில் இருந்த அந்தப் பாத்திரம் மணிபல்லவத்தில் மணிமேகலைக்குக் கிடைக்கிறது. ஆதிரை அதில் முதல் பிச்சையை இட, அதன் பிறகு பசித்தவர்களுக்கு எடுக்க எடுக்கச் சோறு குறையவில்லை.

ஆக, எந்தக் கதையிலும் ‘வாங்கினால் பெருகும்’ என்று இல்லை. கொடுத்தால்தான் குறையாது என்று இருக்கிறது.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

கும்பகோணத்தில் அட்சய திருதியையை முன்னிட்டு 12 கோயில்களின் பெருமாள்கள் ஒரே இடத்தில் கருட வாகனத்தில் எழுந்தருளும் 12 கருட சேவை நடக்கும். ஒடிசாவின் புரியில் ஜெகந்நாதர் ரதயாத்திரைக்கான தேர் கட்டும் பணி இந்த நாளில் தொடங்குகிறது. அங்குள்ள விவசாயிகள் அந்த ஆண்டுக்கான முதல் விதையை விதைப்பதும் இன்றுதான். ஆந்திராவின் சிம்மாசலத்தில், ஆண்டு முழுக்க சந்தனக் காப்பில் இருக்கும் நரசிம்மரை சந்தனம் களைந்த நிஜரூபத்தில் தரிசிக்க முடியும். உத்தராகண்டில் பனிக்காலத்தில் மூடப்பட்ட கங்கோத்ரி, யமுனோத்ரி கோயில்களின் நடை திறக்கப்படுகிறது.

இதன் இன்னொரு பக்கமும் உண்டு. ராஜஸ்தானில் இந்த நாளில் குழந்தைத் திருமணங்கள் நடக்கும் வழக்கம் இருந்ததால், ஒவ்வோர் ஆண்டும் அங்கு அதிகாரிகள் கண்காணிப்பைக் கூட்டுகிறார்கள்.

அப்படியானால் நகைக்கடை எப்போது உள்ளே வந்தது?

இதற்கு அந்தக் காலத்து சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1968-ல் கொண்டுவரப்பட்ட தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொதுமக்கள் தங்கக் கட்டி, தங்கக் காசு வைத்திருப்பதைத் தடுத்தது. வியாபாரிகள், பொற்கொல்லர்கள் கையிருப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. நகை வேண்டும் என்றால் தெரிந்த பத்தரிடம் சொல்லி செய்வதுதான் பல குடும்பங்களின் வழக்கம். அதுவும் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று தேவை வரும்போதுதான்.

1990-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1997-ல் வங்கிகள் தங்கம் இறக்குமதி செய்து விற்க அனுமதி கிடைத்தது. இதே காலத்தில் தனியார் தொலைக்காட்சிகள் வந்தன. பல மாடி நகைக்கடைகள் வந்தன. கடையில் சரக்கு இருக்கிறது, விளம்பரம் செய்ய டிவி இருக்கிறது. தேவைப்பட்டது வாடிக்கையாளர் கடைக்கு வர ஒரு காரணம் மட்டும்தான்.

கல்யாணம் வீட்டுக்கு எப்போதோ ஒருமுறைதான் வரும். ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு நாள் கிடைத்தால்? அட்சய திருதியை அப்படித்தான் கண்ணில் பட்டது. 2000-களின் தொடக்க ஆண்டுகளில் நகைக்கடைகளும், தங்கச் சுரங்க நிறுவனங்களால் 1987-ல் தொடங்கப்பட்ட உலகத் தங்கக் கவுன்சிலும் இந்த நாளைத் தங்கம் வாங்கும் நாளாக முன்னிறுத்தி பெரிய அளவில் விளம்பரம் செய்தன. தென்னிந்தியாவில் வேகம் பிடித்த இந்தப் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது.

அதற்கு முன் இந்த நாளில் யாருமே தங்கம் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. சுபதினம் என்பதால் வசதி உள்ளவர்கள் வாங்கியிருக்கலாம். ஆனால் ‘வாங்கியே ஆக வேண்டும்’ என்ற கட்டாய உணர்வு புதியது. 50 வயதைக் கடந்தவர்களிடம் ‘உங்க சின்ன வயசுல அட்சய திருதியைக்கு நகைக்கடைக்குப் போனீங்களா?’ என்று கேட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு நாளை விற்பனை நாளாக மாற்றுவது எப்படி?

இதில் மூன்று படிகள் இருக்கின்றன.

முதல் படி, ஏற்கெனவே மக்கள் மதிக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது. புதிய நாளை உருவாக்கி நம்ப வைப்பதைவிட இது சுலபம்.

இரண்டாவது, அந்த நாளோடு ஒரு பொருளை ஒட்டுவது. ‘குறையாத பலன்’ என்பதை ‘பெருகும் தங்கம்’ என்று மாற்றினால் போதும். பலன் என்ற சொல் இருந்த இடத்தில் பவுன் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது, வாங்காவிட்டால் ஏதோ குறைந்துவிடும் என்ற பயம். இதுதான் முக்கியமான படி. ஆசைக்கு வாங்குபவர் விலையைப் பார்ப்பார். பயத்துக்கு வாங்குபவர் விலையைப் பார்ப்பதில்லை.

இந்தப் படிகள் சரியாக வேலை செய்தால் நேரமும் இடமும்கூட வளைந்து கொடுக்கும். 2023-ல் திருதியை திதி ஏப்ரல் 22 காலையில் தொடங்கி 23-ம் தேதி காலை வரை நீடித்தது. விற்பனையும் இரண்டு நாள் நடந்தது. 2020 ஏப்ரல் 26-ம் தேதி ஊரடங்கு காரணமாக நகைக்கடைகள் மூடியிருந்தன. அப்போதும் நிற்கவில்லை. ‘ஆன்லைனில் பணம் கட்டுங்கள், நகையைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று கடைகள் அறிவித்தன.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் தமிழ்நாட்டிலேயே உண்டு. ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, புதுத்துணி எடுக்க மாட்டார்கள் என்பதால் வியாபாரம் படுத்துவிடும். அந்த மந்தத்தைச் சமாளிக்க வந்ததுதான் ஆடித் தள்ளுபடி. ‘வாங்கக் கூடாத மாதம்’ இன்று கூட்டம் அலைமோதும் மாதம். நல்ல நாளாக இருந்தாலும் ஆகாத நாளாக இருந்தாலும் கடைக்கு வழி ஒன்று இருக்கிறது. வடமாநிலங்களில் தீபாவளிக்கு முன் கொண்டாடப்படும் தந்தேரஸ் விளம்பரங்கள் சில ஆண்டுகளாகத் தமிழிலும் வருவதைக் கவனித்தால், அடுத்த வரவு எது என்றும் புரியும்.

நம்ம ஊரில் மட்டும்தானா இப்படி?

இல்லை. அமெரிக்காவில் அன்னையர் தினம் வரக் காரணமாக இருந்தவர் அன்னா ஜார்விஸ். தன் தாயின் நினைவாக அவர் 1908-ல் ஏற்பாடு செய்த நிகழ்ச்சிதான் தொடக்கம். 1914-ல் அதிபர் உட்ரோ வில்சன் அதை அதிகாரப்பூர்வ தினமாக அறிவித்தார். சில ஆண்டுகளிலேயே பூக்கடைகளும் வாழ்த்து அட்டை நிறுவனங்களும் மிட்டாய்க் கடைகளும் அந்த நாளைக் கைப்பற்றின. கொதித்துப்போன ஜார்விஸ், தான் கொண்டுவந்த தினத்தை வியாபாரத்திடம் இருந்து மீட்க வாழ்நாள் முழுக்கப் போராடினார். 1948-ல் இறக்கும் வரை அவரால் ஜெயிக்க முடியவில்லை.

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்று கேஎஃப்சி சிக்கன் வாங்க அங்கே வாரக்கணக்கில் முன்பதிவு நடக்கிறது. 1974-ல் அந்த நிறுவனம் தொடங்கிய விளம்பரத்தின் விளைவு இது. ஒரு தலைமுறை கடந்ததும் விளம்பரம் மறந்துபோய், பழக்கம் மட்டும் ‘பாரம்பரியம்’ போல நிற்கிறது.

சிக்கனுக்கும் பூங்கொத்துக்கும் தங்கத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சிக்கன் வாங்க யாரும் கடன் வாங்க மாட்டார்கள்.

நகை வாங்கினால் ஆகும் கணக்கு என்ன?

கணக்குக்கு எளிதாக ஒரு கிராம் தங்கம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 கிராமில், அதாவது அரைச் சவரனில், ஒரு மோதிரம் வாங்குகிறார் ஒருவர்.

தங்கத்தின் விலை 40,000 ரூபாய்.
சேதாரம், செய்கூலி சேர்த்து 15 சதவீதம் என்றால் 6,000 ரூபாய்.
இரண்டும் சேர்ந்து 46,000 ரூபாய்.
அதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 1,380 ரூபாய்.
மொத்த பில் 47,380 ரூபாய்.

அதே மோதிரத்தை மறுநாள் விற்கப் போனால் தங்கத்துக்கான 40,000 ரூபாய்தான் கணக்கு. அதிலும் கடைக்காரர் கொஞ்சம் கழிப்பார். அடகு வைத்தாலும் தங்கத்தின் மதிப்பை வைத்துத்தான் கடன். செய்கூலிக்கும் கல்லுக்கும் மதிப்பு கிடையாது. அதாவது கடையைவிட்டு வெளியே வரும்போதே 7,380 ரூபாய் போய்விட்டது. போட்ட பணம் திரும்பக் கிடைக்கவே தங்கம் கிராம் 11,845 ரூபாய்க்கு ஏற வேண்டும்.

‘சேதாரத்தில் 50 சதவீதம் தள்ளுபடி’ என்றால்? தள்ளுபடி தங்கத்தின் விலையில் இல்லை, அந்த 6,000 ரூபாயில்தான். அது 3,000 ஆகக் குறைந்தால் பில் 44,290 ரூபாய். அப்போதும் தங்கத்தின் மதிப்பைவிட 4,290 ரூபாய் கூடுதல்.

எடை குறைந்து, வேலைப்பாடு அதிகமாக இருக்கும் நகைக்கு சேதார சதவீதம் இன்னும் ஏறும். 10 சவரன் வாங்குபவர் பேரம் பேசிக் குறைத்துக்கொள்வார். ஒரு கிராம் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்லை.

2 கிராமுக்குக் கீழே ஒரு சிக்கல்

2021 ஜூனில் இருந்து நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் 6 இலக்க எச்.யு.ஐ.டி. எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. ஆனால் இதில் ஒரு விலக்கு இருக்கிறது. 2 கிராமுக்குக் குறைவான எடை உள்ள நகைகளுக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது.

அட்சய திருதியை அன்று ‘சாஸ்திரத்துக்கு’ வாங்குபவர்கள் எதை வாங்குகிறார்கள்? மூக்குத்தி, குழந்தைக்குச் சின்னத் தோடு, தாலியில் கோர்க்கும் குண்டு. பெரும்பாலும் 2 கிராமுக்குக் கீழே. ஆக, குறைந்த பணத்தில் வாங்குபவர்தான் அதிக சேதாரமும் கொடுக்கிறார், கட்டாய முத்திரையின் பாதுகாப்பும் அவருக்குத்தான் இல்லை. கடை தானாக முன்வந்து முத்திரை போட்டுக் கொடுத்தால் உண்டு.

நகைச்சீட்டு பாதுகாப்பானதா?

11 மாதம் பணம் கட்டினால் செய்கூலி, சேதாரம் இல்லாமல் நகை என்று கடைகள் திட்டம் வைத்திருக்கின்றன. அட்சய திருதியை அன்று சீட்டு சேர்ந்தால் பரிசும் கொடுக்கிறார்கள். ஏன் எல்லா இடத்திலும் 11 மாதம்? பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு ஒரு நிறுவனம் 365 நாளுக்குள் பொருள் கொடுக்காவிட்டால், அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்று 2014-ல் வந்த நிறுவன வைப்புத்தொகை விதிகள் சொல்கின்றன. அந்த எல்லைக்குள் நிற்கத்தான் 11 மாதம்.

வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நகைச்சீட்டுப் பணத்துக்கு அது கிடையாது. கடையை மூடிவிட்டால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்து, தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997-ன் கீழ் வழக்கு நடந்து, சொத்து ஏலம் போய், பணம் வர ஆண்டுகள் ஆகலாம்.

செல்போன் செயலிகளில் சிறு தொகைக்குக்கூட கிடைக்கும் டிஜிட்டல் தங்கமும் இந்த நாளில் அதிகம் விளம்பரப்படுத்தப்படுகிறது. இது தங்கள் ஒழுங்குமுறைக்குள் வராது என்று பங்குச்சந்தை கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்துள்ளது.

‘தங்கம் ஏறிக்கிட்டேதானே இருக்கு?’

நியாயமான கேள்விதான். 2024 அட்சய திருதியை அன்று சென்னையில் ஒரு சவரன் 55 ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்தது. 2025 அட்சய திருதியை அன்று 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வாங்கியவர்களுக்கு லாபம்தான். பல குடும்பங்களில் பெண்கள் பெயரில் இருக்கும் ஒரே சேமிப்பும் தங்கம்தான். மருத்துவச் செலவுக்கும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் முதலில் கை கொடுப்பது அதுதான். அதனால் தங்கம் வாங்குவதே தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால் விலை ஏறியது திதியால் அல்ல. உலகச் சந்தை, டாலருக்கு நிகரான ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி ஆகியவற்றால். அதற்கு ஒரு வாரம் கழித்து வாங்கியவருக்கும் அதே லாபம்தான் கிடைத்தது. ஏறுமுகம் நிரந்தரமும் அல்ல. 2011-ல் உச்சத்தைத் தொட்ட சர்வதேச விலை 2013-ல் சடாரென விழுந்தது. டாலர் கணக்கில் அந்த உச்சத்தை மீண்டும் தாண்ட 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

• தங்கத்தின் எடை, அன்றைய கிராம் விலை, சேதாரம், கல்லின் எடை, ஜி.எஸ்.டி. தனித்தனியாகக் குறிப்பிட்ட பில் வாங்க வேண்டும்.

• பி.ஐ.எஸ். முத்திரை, 916 போன்ற தரக்குறியீடு, எச்.யு.ஐ.டி. எண் மூன்றும் நகையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைப் போட்டு சரிபார்க்கலாம்.

• முன்பதிவு செய்தால், வேண்டாம் என்று சொன்னால் பணம் திரும்பக் கிடைக்குமா, நகையாக மட்டும்தான் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

• சேமிப்புக்காக மட்டும் என்றால், செய்கூலி இல்லாத தங்க இடிஎஃப் போன்ற வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

• ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

• கடன் வாங்கித் தங்கம் வாங்கினால், கிரெடிட் கார்டு வட்டி தங்கத்தின் விலையேற்றத்தைத் தின்றுவிட வாய்ப்பு அதிகம்.

வாங்காவிட்டால் என்ன ஆகும்?

எதுவும் ஆகாது. கோயில் குருக்களைக் கேட்டாலும் கல் உப்பு, மஞ்சள், அரிசி வாங்கி வைத்தாலே போதும் என்பார்கள். அதையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஏனென்றால் கதையில் குசேலர் கடைக்குப் போகவே இல்லை. அவலைத்தான் முடிந்து எடுத்துப் போனார். சித்திரை வெயிலில் வாசலில் ஒரு பானை மோர் வைத்தால் அதற்கு சேதாரமும் கிடையாது, ஜி.எஸ்.டி.யும் கிடையாது.